எந்திரிச்சதுலருந்து சொல்லுங்க

கார் ஸ்டார்ட் ஆகவில்லை என்று யார் வந்து நின்றாலும் அவளுடைய முதல் கேள்வி காரைப் பற்றியதாக இருக்காது. ஈரக் கையைப் பேன்ட்டில் துடைத்துக்கொண்டே வருவாள். "காலைல எந்திரிச்சதுலருந்து சொல்லுங்க அண்ணாச்சி" என்பாள்.

கழுத்தில் கம்பெனி அட்டை தொங்க, ஷிஃப்டுக்கு நேரமாகிற பதற்றத்தில் நிற்கும் மனிதரிடம் கேட்கிற கேள்வியா இது? என்னிடம் யாராவது கேட்டிருந்தால் கோபம் வந்திருக்கும். அவர்களுக்கு வராது. பெருமூச்சு ஒன்றை விட்டுவிட்டுச் சொல்ல ஆரம்பித்துவிடுவார்கள். அது ஏன் என்று எனக்குப் புரியவில்லை. புரியாததாலேயே எரிந்தது.

அவள் வேலையில் சேர்ந்த அன்றே இது ஆரம்பித்துவிட்டது. கயிறு கட்டி இழுத்துவந்த ஒரு வெள்ளைக் கார். சாவியைத் திருப்பினால் செல்ஃப் நன்றாக அடித்தது, எஞ்சின் சுற்றியது, ஆனால் பிடிக்கவில்லை. சுற்றுகிற வேகத்திலேயே பேட்டரி மேல் குற்றமில்லை என்று தெரிந்தது. அப்படியானால் பெட்ரோல் போகவில்லை, அல்லது தீப்பொறி வரவில்லை, அல்லது காற்று போகவில்லை, அல்லது காரின் கம்ப்யூட்டரே விடமாட்டேன் என்கிறது. இவ்வளவையும் மனதுக்குள் ஓட்டி முடித்து, கோளாறை ஒரு கோடு நம்பராகக் காட்டுகிற ஸ்கேனரை ஸ்டியரிங்குக்கு அடியில் சொருகியும்விட்டேன். நான் வேகம். கல்லூரியிலேயே எனக்கு அந்தப் பெயர் உண்டு. அவளோ காரைத் தொடவே இல்லை. அந்த மனிதருக்கு ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலை நகர்த்திப் போட்டாள்.

"எந்திரிச்சேன். வீட்ல காபி இல்ல" என்றார் அவர்.

"ஏன் இல்ல?"

"ஒய்ஃப் நேத்து ஊருக்குப் போயிட்டாங்க."

"ஐயோ, சண்டையா அண்ணாச்சி?"

"சேச்சே. அவங்க தங்கச்சிக்கு வளைகாப்பு."

"சரி, காபி இல்ல. பொறவு?"

"சாவியக் காணோம். அவங்க ஹேண்ட்பேக்லயே போயிடுச்சு போல. அவசரத்துக்குன்னு ஒரு டூப்ளிகேட் போட்டு வெச்சிருந்தேன். இன்னிக்குத்தான் முதல்தடவ எடுத்தேன்."

"எங்க போட்டது?"

"ஸ்ரீபெரும்புதூர் பஸ் ஸ்டாண்டுகிட்ட ஒருத்தர் உக்காந்திருப்பாரே..."

அவள் என் பக்கம் திரும்பினாள். "சாவில சிப்பு கெடயாதுட்டி. வண்டிக்கு ஆள் அடையாளம் தெரியல. அதான் பிடிக்காம நிக்கி."

என் கையிலிருந்த ஸ்கேனரும் அதையேதான் காட்டியது. கொஞ்சம் பிந்தி. அந்த மனிதர் அவளுக்கு மூன்று முறை நன்றி சொன்னார். போகும்போது என்னைக் காட்டி அவளிடம் கேட்டார்: "இந்தப் பொண்ணு புதுசா?"

நான் அவளுக்கு முன்பே சேர்ந்தவள்.

ஒரகடம் ரோட்டில், முன்னால் கன்டெய்னர் லாரிகளும் பின்னால் ஒரு தொழிற்சாலையின் நீளச் சுவருமாக இருந்தது எங்கள் ஒர்க்‌ஷாப். அவ்வளவு ஆண்களுக்கு நடுவே பெண்கள் நாங்கள் இருவர்தான். அவள் கோவில்பட்டிப் பக்கம். இருங்காட்டுக்கோட்டையில் லேடீஸ் ஹாஸ்டலில் இருந்தாள். நான் குன்றத்தூர். இருவருக்கும் ஒரே ஆட்டோமொபைல் படிப்பு. மார்க் எனக்குக் கொஞ்சம் கூட. அதை அவளிடம் நான் சொன்னதில்லை; அவள் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். எல்லாரிடமும் எல்லாவற்றையும் கேட்கிறவள் அதை மட்டும் கேட்கவே இல்லை.

ஒர்க்‌ஷாப்பின் மூலையில் கண்ணாடி போட்ட ஓர் அறை இருந்தது. என்ன கோளாறு என்று கண்டுபிடிப்பது மட்டுமே அந்த அறையில் இருப்பவரின் வேலை. இருந்தவர் துபாய்க்குப் போய்விட்டார். நாற்காலி காலி.

"ஆயுத பூஜ முடியட்டும். ரெண்டு பேர்ல ஒருத்தர் உள்ள. இன்னொருத்தர் எப்பவும்போல ஆயில் சர்வீஸ்" என்று மேனேஜர் சொல்லியிருந்தார்.

எனக்கு அது வெறும் நாற்காலி இல்லை. "ஆயில் மாத்துறதுக்கா இன்ஜினியரிங் படிச்சே?" என்பது வீட்டில் அம்மாவின் தினசரிப் பாட்டு. தீபாவளிக்குள் அந்த அறை கிடைக்காவிட்டால் வேலையை விட்டுவிட்டு பேங்க் பரீட்சைக்குப் படிப்பது என்று பேசி முடித்திருந்தோம். கோச்சிங் சென்டரைக்கூட அம்மா பார்த்து வைத்துவிட்டாள்.

அதனால் அவளை நான் பாடம்போலப் படித்தேன். பொறாமைக்காரியைவிட நல்ல மாணவி கிடையாது.

மெக்கானிக்குகள் வேலை முடிந்ததும் கை கழுவுவார்கள். அவள் தொடங்கும்முன் கழுவுவாள். அதுவும் சோப்புப் போட்டு, முழங்கை வரைக்கும். பிறகு டிரைவர் சீட்டில் ஏறி உட்காருவாள். சீட்டை முன்னே இழுத்துக்கொள்ள மாட்டாள். உயரமான ஆளின் கார் என்றால் கால் எட்டாமல் நுனியில் தொங்குவாள். கண்ணாடியைத் திருப்ப மாட்டாள். "அவரு எப்டி உக்காருவாரோ அப்டியே உக்காந்தாத்தான் அவரு என்ன செஞ்சாருன்னு தெரியும்" என்பாள். சாவியைப் பாதி திருப்பிவிட்டு ஒரு விரலைத் தூக்குவாள். பின்சீட்டுக்கு அடியில் பெட்ரோல் பம்ப் 'ங்ங்' என்று முனகுகிறதா என்று கேட்பதற்காக. அந்த ஒரு விரலுக்கு ஒர்க்‌ஷாப்பே அடங்கும். பெயின்ட் செக்‌ஷனில் கம்ப்ரஸரை நிறுத்துவார்கள். நான் விரலைத் தூக்கினால், "இன்னா பாப்பா, டீயா?" என்பார்கள்.

இன்னொன்றும் உண்டு. தெரியவில்லை என்றால் அவள் தெரியவில்லை என்று சொல்லிவிடுவாள். "எனக்கு வெளங்கல அண்ணாச்சி. வாங்க, ரெண்டு பேரும் சேந்து யோசிப்போம்." வந்தவர் சிரிப்பார். நான் ஒருமுறை அதே வார்த்தையைச் சொல்லிப் பார்த்தேன். "மேனேஜர கூப்டு" என்றார்கள்.

அவள் கேள்வியையும் திருடிப் பார்த்தேன். நட்டு போல்ட் சப்ளை செய்கிற கம்பெனிக்காரர் ஒருவரின் கார். அதே கதை: செல்ஃப் அடிக்கிறது, பிடிக்கவில்லை. அவள் பக்கத்து வண்டிக்கு அடியில் படுத்திருந்தாள். இதுதான் சமயம் என்று நான் ஸ்டூலை நகர்த்திப் போட்டேன்.

"சார், காலைல எழுந்ததுல இருந்து சொல்லுங்க."

"இன்னாமா இது, போலீஸ் ஸ்டேஷனா? வண்டி எடுக்கலன்னு வந்துகிறேன். பாத்து சொல்லுவியா, கத கேக்கறியே!"

வண்டிக்கு அடியிலிருந்து தலை மட்டும் வெளியே வந்தது. "டிபன் என்ன சாப்டீய அண்ணாச்சி?"

அவ்வளவுதான். மனிதர் இளகிவிட்டார்.

"எங்க சாப்ட்டேம்மா. நேத்து வாங்கின மசால்வடை கார்லயே கீது, அத துன்னுக்கலாம்னு பாத்தா, கவர்தான் இருக்குது. வடையக் காணோம்."

"கவர் கிழிஞ்சு இருந்துச்சா, முடிச்சு அவுந்து இருந்துச்சா?"

"கிழிஞ்சு... ஏம்மா?"

தலை உள்ளே போய்விட்டது. அடியிலிருந்து குரல் மட்டும் வந்தது: "பம்ப்பு ஒயரப் பாருட்டி. எலி."

பார்த்தேன். பின்சீட்டைத் தூக்கினால் ஒயர் பாக்குவெட்டியால் நறுக்கியதுபோல அறுந்து கிடந்தது. இந்தப் பக்கத்தில் வயல்கள் எல்லாம் கம்பெனிகளாகிவிட்டதில் எலிகளும் வேலை மாறிவிட்டன. நெல்லுக்குப் பதில் ஒயர். இது எனக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். ஸ்கேனர் போட்டு, பம்ப் சத்தம் கேட்டு, நானும் அங்கே வந்துதான் சேர்ந்திருப்பேன். ஆனால் படுத்துக்கொண்டே, முகத்தைக்கூடக் காட்டாமல்?

ஒருநாள் டீ நேரத்தில் கேட்டேவிட்டேன். "உனக்கு மட்டும் எப்படி எல்லாரும் சொல்றாங்க?"

டீயில் பன்னைத் தோய்த்துக்கொண்டிருந்தாள். அந்த பன்கூட என்னுடையதுதான். யார் டப்பாவிலும் கேட்காமல் கை வைப்பாள்; யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள்.

"நா நெசமாவே கேக்கேன்லா? வண்டிக்காவ மட்டுமா கேக்கேன்? அவரு ஏன் காபி குடிக்கலன்னு எனக்குத் தெரிஞ்சாகணும்ட்டி."

"அது எதுக்கு உனக்கு?"

கொஞ்ச நேரம் மென்றாள். "எங்க வீட்ல யாரும் யாரையும் ஒண்ணும் கேக்க மாட்டாவ. தீப்பெட்டி ஆபீஸ மூடினதுக்குப் பொறவும் எங்கய்யா தெனம் டிபன் பாக்ஸ எடுத்துட்டுக் கெளம்பிப் போயிருக்காரு. எங்க போனாரு, எங்க உக்காந்து சாப்டாருன்னு இன்னிக்கு வரைக்கும் தெரியாது. எங்கம்மை பாக்ஸக் கழுவி வைப்பா, அவரு எடுத்துட்டுப் போவாரு. ஒருத்தியாவது கேட்டுருக்கலாம்ல?"

சொல்லிவிட்டு மீதி பன்னை என் பக்கம் நீட்டினாள்.

எனக்கு அழுகை வந்திருக்க வேண்டும். வந்தது வேறு. எங்கள் வீட்டில் எத்தனை தோசை தின்றேன் என்பதுவரை அம்மா கேட்பாள். இவள் கேட்பதற்கு ஒரு காரணம் இருந்தது. எனக்கு மார்க் ஷீட்தான் இருந்தது. அந்தக் காரணத்தின்மேலும் எனக்குப் பொறாமையாக இருந்தது.

ஆயுத பூஜை வந்தது. ஒர்க்‌ஷாப்பில் ஸ்பானர் முதல் ஸ்கேனர் வரை எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம். ஸ்கேனரின் கண்ணாடியில் வைத்த பொட்டை நான் யாரும் பார்க்காதபோது துடைத்தேன். பூஜைக்கு மறுநாள்தான் எங்களுக்கு வருடத்திலேயே பெரிய நாள். பூஜையன்று இந்தப் பக்கத்துக் கேப் டிரைவர்கள் எல்லாரும் வண்டியை ஏரிக்கரைக்கு ஓட்டிப்போய், பானெட்டைத் திறந்து எஞ்சின்மேலேயே பக்கெட் பக்கெட்டாகத் தண்ணீர் ஊற்றிக் கழுவியிருப்பார்கள். மறுநாள் விடிந்ததும் மாலை போட்ட வண்டிகள் வரிசையாக எங்கள் வாசலில் நிற்கும். செல்ஃப் அடிக்கும், பிடிக்காது. தீப்பொறி போகிற இடமெல்லாம் தண்ணீர்.

"இன்னிக்கு ரெண்டு பேரையும் பாக்கறேன். சாயங்காலம் சொல்றேன்" என்றார் மேனேஜர்.

காலையிலிருந்து நானும் அவளும் மாறி மாறி வண்டிகளை எடுத்தோம். துடைப்பது, காற்றடிப்பது, ஸ்டார்ட் செய்வது. யார் முந்தி என்று சொல்ல முடியவில்லை. மதியத்துக்கு மேல் அந்தோணி அண்ணன் வண்டியை நாலு பேர் தள்ளிக்கொண்டு வந்தார்கள். கம்பெனி ஆட்களை ஏற்றி இறக்குகிற கேப். கண்ணாடியில் சிலுவை தொங்கும்; பம்பரில் எலுமிச்சையும் மிளகாயும் தொங்கும். கேட்டால், "சர்ச்சுக்கு நான் போறேன், வண்டி போவுதா?" என்பார். அவருக்கு அவள் என்றால் உயிர். கொய்யாப்பழம் கொண்டுவந்து கொடுப்பார். அவளுக்கு மட்டும்.

"கண்ணு, செகண்ட் ஷிஃப்டு எடுக்கணும். போவலன்னா காண்ட்ராக்டர் வேற வண்டிய போட்டுடுவான். அப்பறம் அந்த ரூட்டு நம்ம கைக்கு வராது" என்றார்.

"பதறாதீய. எந்திரிச்சதுலருந்து சொல்லுங்க."

"எய்ந்தேன், வண்டிகிட்ட போனேன், கும்புட்டு சாவிய போட்டேன். செல்ஃபு அடிக்கிது. எடுக்கல."

"நேத்து கழுவினீயளா?"

"கய்வாம? வூட்டாண்ட ஏரிக்கரைல வுட்டு பளபளன்னு கய்வி, சந்தனம் வெச்சி, பொரி கடலை வெச்சி, ராத்திரி அங்கியே நிறுத்தி... ஆனா தண்ணி உள்ள பூந்திருக்காது கண்ணு. நீதான சொன்ன, கவர் போட்டு கய்வணும்னு. எல்லாத்துக்கும் கவர் போட்டுதான் கய்வினேன்."

"அப்டிப் போடுங்க! எம் பேச்சக் கேட்ட ஒரே ஆளு நீங்கதான்!"

அவள் முகம் மலர்ந்துவிட்டது. தண்ணீர் என்ற சந்தேகம் அத்தோடு அவள் மனதிலிருந்து போய்விட்டது. விரலைத் தூக்கினாள், பம்ப் ஒழுங்காக முனகியது. பிளக்கைக் கழற்றினாள், பொறி வந்தது. எங்கே பெட்ரோல் போட்டீர்கள் என்று கேட்டாள். புது பங்க் என்றார். அதைப் பிடித்துக்கொண்டாள். பெட்ரோலில்தான் கோளாறு, டேங்கையே காலி செய்து பார்ப்போம் என்று ஆட்களைக் கூப்பிட்டாள். அந்தோணி அண்ணன் செல்போனில் மணி பார்ப்பதும் ரோட்டைப் பார்ப்பதுமாக இருந்தார்.

பக்கத்து வண்டியில் குனிந்திருந்த என் காதில் ஒரு சொல் மட்டும் மாட்டிக்கொண்டு நின்றது. கவர் போட்டேன் என்றார். எடுத்தேன் என்று சொல்லவில்லை.

அவள் அதைக் கேட்கவில்லை. எந்திரிச்சதிலிருந்து எல்லாவற்றையும் கேட்கிறவள், தன்னைப் பாராட்டிய ஒரு வாக்கியத்தில் காதை மூடிக்கொண்டுவிட்டாள்.

நிமிர்ந்தேன். "அண்ணே, எதுக்கெல்லாம் கவர் போட்டீங்க?"

"ஃபியூஸ் பாக்ஸுக்கு ஒண்ணு. பேட்டரிக்கு ஒண்ணு. காத்து இஸ்க்கற வாய்க்கு ஒண்ணு."

"எடுத்தீங்களா?"

"எடுக்காம? ஃபியூஸ் பாக்ஸுது எடுத்தேன். பேட்டரிது எடுத்தேன்." மூன்றாவது விரல் மடங்காமல் நின்றது. "ஐயோ ஆண்டவரே... பொரி கவரு!"

காற்றுக் குழாயைக் கழற்றினேன். பூஜைக்குப் பொரி வாங்கிய பாலிதீன் பை. எஞ்சின் மூச்சிழுத்த இழுப்பில் உள்ளே போய்க் குழாயின் தொண்டையை அடைத்துக்கொண்டு ஒட்டியிருந்தது. பிடித்து இழுத்தபோது தரையில் பொரி சிதறியது. குழாயைத் திரும்ப மாட்டிச் சாவியைத் திருப்பினேன். ஒரே அடியில் வண்டி பிடித்தது.

இந்தக் கணத்தை நான் எத்தனையோ நாள் பஸ்ஸில் உட்கார்ந்து கற்பனை செய்திருக்கிறேன். அதில் எல்லாரும் என்னைப் பார்ப்பார்கள். அவள் தரையைப் பார்ப்பாள்.

"ஏ, எல்லாரும் ஓடி வாங்க!" அவள் கத்தினாள். "வண்டி பொரி தின்னுருக்கு! இவ கண்டுபிடிச்சுட்டா! கவர் போடச் சொன்ன கழுத நானு, எடுக்கச் சொல்லலையே!" கீழே கிடந்ததில் ஒரு பொரியை எடுத்து, ஊதி, வாயில் போட்டுக்கொண்டாள். "ச்சீ, பெட்ரோல் வாட."

ஒர்க்‌ஷாப்பே விழுந்து விழுந்து சிரித்தது. எல்லாரும் அவளைப் பார்த்தார்கள். நான் கையில் ஈரக் கவரோடு நின்றேன்.

சாயங்காலம் மேனேஜர் அறைச் சாவியை என்னிடம் கொடுத்தார். முதல் கைதட்டல் அவளுடையது. நான் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு சுருக்கம், ஓர் இறுக்கம், உதட்டில் ஒரு சின்னக் கோணல், ஏதாவது ஒன்று வரட்டும் என்று தேடினேன். ஸ்கேனரால் தேடுவதுபோலத் தேடினேன். ஒரு கோடும் வரவில்லை. எனக்குள் இத்தனை மாதம் எரிந்தது அவளுக்குள் இருக்கவே இல்லை என்று தெரிந்ததும், வாங்கிய சாவி கையில் லேசாகிவிட்டது.

பிறகு நடந்ததுதான் கொடுமை. பொரி தின்ற வண்டியின் கதை இருங்காட்டுக்கோட்டை வரைக்கும் போயிற்று. டீக்கடைகளில் டிரைவர்கள் சொல்லிச் சொல்லி, அந்தக் கதையில் பொரி கவரைக் கண்டுபிடித்தவள் அவளாகிவிட்டாள். "தெக்கத்திப் பொண்ணு ஒண்ணு கீது, வண்டியோட வாயப் பாத்தே இன்னா துன்னுச்சுன்னு சொல்லிடும்" என்றார்களாம். அவளிடம் வந்து நேரிலேயே பாராட்டுவார்கள். அவள் விடமாட்டாள். "நா இல்ல அண்ணாச்சி. அந்தக் கண்ணாடி ரூம்புக்குள்ள இருக்காள்லா, அவ."

அவர்கள் கண்ணாடி வழியாக என்னை ஒருமுறை பார்ப்பார்கள். பிறகு அவளிடம் திரும்பி, "இன்னா பெரிய மனசுமா உனக்கு" என்பார்கள்.

பொங்கல் முடிந்து அவள் வல்லம் வடகாலில் பேட்டரி வண்டி செய்கிற ஒரு கம்பெனிக்குப் போய்விட்டாள். "அங்கன செல்ஃபும் கெடயாது, சத்தமும் கெடயாதுட்டி. சுவிட்சப் போட்டா ஃபேன் மாதிரி போவும். எனக்கு என்ன வேலைன்னே வெளங்கல" என்று சிரித்தாள். போகிற அன்றும் என் டப்பாவில் கை வைத்தாள்.

நான் அந்த அறையிலேயே இருக்கிறேன். கோச்சிங் சென்டர் பேச்சை அம்மா எடுப்பதில்லை. வேலை எனக்கு வரும், நன்றாகவே வரும். புதிதாக வருகிறவர்கள் என்னிடம்தான் வருகிறார்கள். பழையவர்கள் கதவைத் திறந்து எட்டிப் பார்த்து, "அந்தப் பொண்ணு இல்லையா?" என்று கேட்டுவிட்டுத்தான் உட்காருகிறார்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை காலை அவள் கூப்பிட்டாள். செகண்ட் ஹேண்டில் ஒரு பழைய பெட்ரோல் கார் வாங்கியிருக்கிறாளாம். ஊருக்குப் போய்விட்டு வந்தாளாம்.

"வண்டி எடுக்க மாட்டேங்கு. இந்தா, கேளு." போனை வண்டிப் பக்கம் காட்டினாள். செல்ஃப் நன்றாக அடித்தது. பிடிக்கவில்லை. "என்னன்னு சொல்லுட்டி."

கேட்கலாமா என்று தயங்கினேன். பிறகு கேட்டேன். "எந்திரிச்சதுலருந்து சொல்லு."

இந்தக் கேள்விக்காகவே காத்திருந்தவள்போல அவள் சந்தோஷமாக ஆரம்பித்தாள்.

"ராத்திரி வரும்போதே பெட்ரோல் முள்ளு கீழ கெடந்துச்சு, மழன்னு பங்க்ல நிறுத்தல. ஹாஸ்டல்ல எடம் இல்லன்னு சரிவுல மூக்கத் தூக்கி நிறுத்திட்டேன். காலைல எந்திரிச்சேன். பல்லு வெளக்குனேன்..."

இரண்டாவது வாக்கியத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. சரிவில் சாய்ந்த டேங்கில், இருக்கிற கொஞ்சம் பெட்ரோலும் ஒரு மூலைக்கு ஓடி, பம்ப்புக்கு எட்டாமல் கிடக்கிறது. வண்டியைத் தள்ளிச் சமதரைக்குக் கொண்டுவந்தால் போதும். சின்னப் பிள்ளைகூடச் சொல்லிவிடும். இது அவளுக்கா தெரியாது? தெரிந்துகொண்டே கேட்கிறாளா? எனக்கு ஒன்று விட்டுக்கொடுக்கிறாளா? அப்படி விட்டுக்கொடுக்கிறாள் என்றால், அதையும் என்னால் தாங்க முடியாது. இல்லை, நிஜமாகவே தெரியவில்லையா?

போனில் எந்தக் கோடும் தெரியவில்லை. அவள் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள். ஹாஸ்டலில் இட்லி கல் மாதிரி இருந்ததாம். பக்கத்து ரூம்காரி அழுதுகொண்டிருந்தாளாம். ஏன் என்று இவள் போய்க் கேட்டாளாம்.

விடை என் நாக்கு நுனியில் இருந்தது. சொல்லவில்லை.

"பொறவு?" என்றேன்.